தோற்ற இரவில் என்ன எழுதுவது? புதிய இ-ஸ்போர்ட்ஸ் கோச்களுக்கு ஒரு வழிகாட்டி

ஸ்க்ரிம் (பிற அணியோடு பயிற்சி ஆட்டம்) ஏற்பாடு செய்வது, ரீப்ளே பார்த்துக் குறிப்பெடுப்பது, எதிரணியின் பழக்கங்களைக் கண்டுபிடிப்பது என்று கோச் வேலையின் எல்லாப் பகுதிக்கும் யூடியூபில் பாடம் கிடைக்கிறது. ஒன்றுக்கு மட்டும் கிடைப்பதில்லை. 0-2 என்று தோற்றுவிட்டு அறைக்குத் திரும்பி போனைத் திறந்தால், "கோச்ச மொதல்ல மாத்துங்கடா", "டைம்அவுட் எடுக்கத் தெரியாதா ப்ரோ" என்று நானூறு கமெண்ட் காத்திருக்கும். அப்போது என்ன செய்வது? பதில் எழுதுவதா, போனை அணைத்துவிட்டுத் தூங்குவதா?

அதற்காகத்தான் இந்தக் கட்டுரை. சின்ன அணி ஒன்றில் புதிதாகக் கோச்சாகவோ துணைக் கோச்சாகவோ சேர்ந்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ், வேலரண்ட், கவுண்டர்-ஸ்ட்ரைக் ஆகிய மூன்றிலிருந்து. ஆட்டம் வேறாக இருந்தாலும் ரசிகர்களின் கோபம் ஒரே மாதிரிதான் என்பதால், மொபைல் ஆட்டமான பிஜிஎம்ஐ அணியோடு இருப்பவர்களும் தைரியமாகப் படிக்கலாம்.

படி 1: உங்கள் வேலையில் வெளியே தெரிவது எது என்று முதலில் பாருங்கள்

வாரம் முழுக்க நீங்கள் செய்யும் வேலையில் ரசிகருக்குத் தெரிவது சில நிமிடங்கள்தான். அவருடைய பாராட்டும் திட்டும் அந்தச் சில நிமிடங்களை வைத்துத்தான் வரும். அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவருக்குக் காட்டப்படுவது அவ்வளவுதான்.

லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் அந்தச் சில நிமிடங்கள் டிராஃப்ட், அதாவது எந்தச் சாம்பியனை (ஆட்டப் பாத்திரத்தை) எடுப்பது, எதைத் தடை செய்வது என்று ஆட்டத்துக்கு முன் முடிவு செய்யும் நேரம். ஹெட்செட் மாட்டிக்கொண்டு, கையில் நோட்டோடு, ஆட்டக்காரர்களின் முதுகுக்குப் பின்னால் கோச் நிற்பார். அணிக்கு ஐந்து தடை, ஐந்து தேர்வு. அது முடிந்ததும் எதிரணிக் கோச்சோடு கைகுலுக்கிவிட்டு மேடையை விட்டு இறங்கிவிடுவார். அடுத்த அரை மணி நேரம் என்ன நடந்தாலும் கேமரா கடைசியாக அவரைக் காட்டியது டிராஃப்டில்தான். அதனால் தோல்விக்குக் காரணம் எதுவாக இருந்தாலும் "டிராஃப்ட்லயே போச்சு" என்பதுதான் முதல் கமெண்ட். 2025 முதல் ஃபியர்லெஸ் டிராஃப்ட் வந்த பிறகு இது இன்னும் சிக்கலானது. ஒரே எதிரணியோடு அடுத்தடுத்து ஆடும் தொடரில் எந்த அணி ஒரு முறை எடுத்த சாம்பியனும் மறுபடி யாருக்கும் கிடையாது. ஐந்தாவது ஆட்டம் வரை போனால் நாற்பது சாம்பியன்கள் ஏற்கெனவே பட்டியலை விட்டுப் போயிருக்கும். ஐந்தாவது ஆட்டத்தை மட்டும் பார்க்க வந்தவருக்கு உங்கள் தேர்வு கிறுக்குத்தனமாகத் தெரிந்தால் ஆச்சரியமில்லை.

கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் கதை வேறு. ஒரு காலத்தில் கோச்சே ஆறாவது ஆள் மாதிரி ஆட்டம் முழுக்கக் கட்டளை கொடுத்துக்கொண்டிருந்தார். 2016 ஆகஸ்டில், ஆட்டத்தை உருவாக்கிய வால்வ் நிறுவனம் அதை நிறுத்தியது. வார்ம்-அப், இடைவேளை, அப்புறம் 30 விநாடி வீதம் நான்கு டைம்அவுட், இவற்றில் மட்டும் பேசலாம் என்றது. பிறகு விதிகள் மாறியிருக்கின்றன, ஆனால் "கோச் டைம்அவுட் எடுத்தாரா, எப்போது எடுத்தார்" என்று பார்க்கும் பழக்கம் ரசிகர்களிடம் தங்கிவிட்டது. வேலரண்டில் இது ஒரு படி மேலே: டைம்அவுட்டில் கோச் பேசுவதையே ஒளிபரப்பில் போட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு நிமிடத்தில் குரல் நடுங்கினால் உலகமே கேட்கும்.

ஆகவே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: என் ஆட்டத்தில், என் லீக்கில், ரசிகர் கண்ணில் படுவது எது? டிராஃப்டா, மேப் வீட்டோவா (எந்தக் களத்தில் ஆடுவது என்ற தேர்வா), டைம்அவுட்டா, யாரை ஆட விட்டேன் என்பதா? அந்தப் பட்டியல்தான் நீங்கள் பேச வேண்டிய எல்லை. வெளியே தெரிந்ததை விளக்குங்கள். தெரியாததை, அதாவது ஸ்க்ரிம், அறைக்குள் நடந்த சண்டை, ஒருவருடைய உடல்நிலை, இவற்றைத் தொடாதீர்கள். கீழே வரும் எல்லாப் படிகளும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

படி 2: யார் எதைப் பேசுவது என்று சேரும்போதே கேளுங்கள்

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் மேனேஜரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். தோல்விக்குப் பிறகு என் சொந்தக் கணக்கில் நான் எழுதலாமா? ரோஸ்டர் (அணியின் ஆட்டக்காரர் பட்டியல்) மாற்றத்தை அறிவிப்பது யார்? எனக்கு மிரட்டல் வந்தால் அணி என்ன செய்யும்? மூன்றாவதைக் கேட்கும்போது மேனேஜர் விழிக்கிறாரா என்று கவனியுங்கள். அதுவே பாதி பதில்.

ரோஸ்டர் விஷயத்தில் எவ்வளவு பெரிய அணியும் தடுமாறும். 2025 தொடக்கத்தில் கொரியாவின் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் அணியான டி1, இரண்டு உலகக் கோப்பை வென்ற குமாயுசியை உட்கார வைத்துவிட்டு ஸ்மாஷ் என்ற இளம் ஆட்டக்காரரை இறக்கியது. தலைமைக் கோச், கோமா என்று எல்லோரும் அழைக்கும் கிம் ஜியோங்-கியூன். அதற்குள் 2013, 2015, 2016, 2024 என்று நான்கு உலகக் கோப்பைகளை அதே அணிக்கு வாங்கித் தந்தவர். அவருடைய சொல்லுக்கே ரசிகர்கள் அடங்கவில்லை. யார் முடிவு இது, கோச்சா நிர்வாகமா என்ற கேள்வி வாரக்கணக்கில் ஓடியது. தலைமைச் செயல் அதிகாரி ஜோ மார்ஷே வெளிப்படையாகப் பேச வேண்டிய நிலை வந்தது. குமாயுசி திரும்பி வந்தார், அந்த ஆண்டின் உலகக் கோப்பையை டி1 வென்றது, இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரரும் அவரே. முடிவு சுபம்தான். ஆனால் நடுவில் இருந்த அந்த வாரங்களில் கோச்சின் மேல் விழுந்த சுமையை யோசித்துப் பாருங்கள். ஆளை மாற்றும் முடிவு உங்களுடையது என்றால் நீங்களே சொல்லுங்கள். உங்களுடையது இல்லையென்றால் அதற்கு வக்காலத்து வாங்காதீர்கள். "இதை அணி நிர்வாகம் விளக்கும்" என்ற ஒரு வரி போதும்.

யாருமே பேசாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் அணியான கிளவுட்9 நல்ல உதாரணம். ஒளிபரப்பாளராகவும் ஸ்ட்ரீமராகவும் பெரிய ரசிகர் கூட்டம் வைத்திருந்த எல்எஸ், 2022 சீசனுக்குத் தலைமைக் கோச்சாக வந்தார். பிப்ரவரியில் சீசன் தொடங்கியது, அதே பிப்ரவரியில் அவரை அணி விடுவித்தது. முழுக் காரணம் வெளியே சொல்லப்படவில்லை. காலியாக விட்ட இடத்தை ரசிகர்கள் அவரவர் கதையால் நிரப்பினார்கள். புதிய கோச் வந்து என்ன செய்தாலும் அந்தக் கதையோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது.

இன்னொன்று. லீக் ஆஃப் லெஜண்ட்ஸையும் வேலரண்டையும் உருவாக்கிய ரியட் நிறுவனம் தன் லீக்குகளின் ஒப்பந்தப் பட்டியலைப் பொதுவில் வைத்திருக்கிறது. யாருடைய ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது என்பது அதில் இருக்கும். உங்கள் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பதை ரசிகர்கள் உங்கள் வீட்டாருக்கு முன்பே தெரிந்துகொள்வார்கள். "அதெல்லாம் இன்னும் இருக்குப்பா" என்று மழுப்பிப் பயனில்லை.

படி 3: ஒரே ஒரு இடத்தைப் பிடியுங்கள்

எக்ஸ், இன்ஸ்டாகிராம், டிஸ்கார்ட், யூடியூப் லைவ் என்று எல்லா இடத்திலும் இருக்க வேண்டாம். சின்ன அணிக்கு டிஸ்கார்ட் போதும். அங்கே வருபவர் ஏற்கெனவே அணியின் மேல் பிரியம் உள்ளவர், தவறாகப் பேசினால் மாடரேட்டர் பார்த்துக்கொள்வார். எக்ஸில் எழுதுவதை எதிரணி ரசிகர்தான் முதலில் படிக்கிறார். நானாக இருந்தால் எக்ஸில் அறிவிப்பு மட்டும், பேச்சு டிஸ்கார்டில் என்று வைத்துக்கொள்வேன்.

படி 4: தோற்ற இரவு

இதுதான் முக்கியம். நேர வரிசையில் போகலாம்.

ஆட்டம் முடிந்த முதல் அரை மணி நேரம் போன் உங்கள் கையில் இருக்கக் கூடாது. நேரடிப் போட்டி என்றால் போனை ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பார்கள், உங்களுக்கு நல்ல காலம். ஆன்லைன் போட்டி என்றால் மேனேஜரிடம் கொடுத்துவிடுங்கள். இந்த நேரம் ஆட்டக்காரர்களுக்கானது. அவர்கள் உங்கள் வாயிலிருந்து கேட்க வேண்டியதை உங்கள் பதிவில் படித்துத் தெரிந்துகொள்ளும் நிலை வந்தால், அடுத்த வாரம் உங்கள் டைம்அவுட்டை யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

அப்புறம் பத்திரிகையாளர் சந்திப்பு, இருந்தால். கொரியாவின் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் லீக்கான எல்சிகேயில் வென்ற அணி, தோற்ற அணி இரண்டுமே வந்து உட்கார வேண்டும். கோச்சும் ஆட்டக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருக்க, கேள்வி பெரும்பாலும் டிராஃப்டில் ஆரம்பிக்கும். "ஏன் அந்தத் தேர்வு?" இதற்கு "எங்களுக்கு அது சரியாகப் பட்டது" என்று சொன்னால் கேட்டவருக்கும் பயனில்லை, உங்களுக்கும் பயனில்லை. இப்படிச் சொல்லலாம் (ஜங்கிளர் என்பது அணியில் ஓர் ஆட்டக்காரரின் பொறுப்பு): "நாங்கள் எடுக்க நினைத்தது இரண்டாவது ஆட்டத்திலேயே போய்விட்டது. மிச்சமிருந்த இரண்டில் எங்கள் ஜங்கிளருக்குக் கை பழகியதை எடுத்தோம். முதல் டிராகன் சண்டை வரை திட்டப்படிதான் நடந்தது." ஃபியர்லெஸ் கணக்கு, காரணம், எங்கே தடம் புரண்டது என்று மூன்றும் அதில் இருக்கிறது. எந்த ரகசியமும் வெளியே போகவில்லை.

அடுத்து ஒரு பொறி வரும். "உங்கள் மிட் லேனர் ஃபார்மில் இல்லையே?" பக்கத்தில் அந்தப் பையனே உட்கார்ந்திருப்பான். "ஆமாம், கொஞ்சம் சரிசெய்ய வேண்டும்" என்று நல்லெண்ணத்தோடு சொன்னாலும், அது பன்னிரண்டு விநாடித் துண்டாக வெட்டப்பட்டு, சோகப் பாட்டோடு ரீல்ஸில் வந்துவிடும். "அவரோடு பேச வேண்டியதை அறைக்குள் பேசிக்கொள்கிறோம். டிராஃப்ட் பற்றிக் கேளுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் சொல்கிறேன்" என்று திருப்பிவிடுங்கள். கோபமாகச் சொல்ல வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசுகிறீர்கள் என்றால் ஒரு மூச்சுக்கு ஒரு வாக்கியம், கிண்டல் கூடவே கூடாது. கிண்டல் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குப் போகும்போது அவமானமாக மாறிவிடும்.

பிறகுதான் எழுத்து. புதியவர்கள் எழுதும் மூன்று வகைப் பதிவுகளை அடிக்கடி பார்க்கிறேன்.

முதல் வகை: "பிளான் சரியா இருந்துச்சு, பசங்க ஃபாலோ பண்ணல." இதை எழுதியவர் அந்த அறையில் அதிக நாள் இருக்க மாட்டார்.

இரண்டாவது: "எல்லாம் என் தவறு. மன்னித்துவிடுங்கள்." பெருந்தன்மையாகத்தான் தெரிகிறது. கொரியாவில் தோற்ற கோச் ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்பது வழக்கமே. ஆனால் எல்லாமே என் தவறு என்றால் எதுவுமே என் தவறில்லை என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். நான்காவது தடவை எழுதும்போது அதையே மீம் ஆக்கிவிடுவார்கள்.

மூன்றாவது: சோகமான கறுப்பு வெள்ளைப் படம், கீழே "நாங்கள் திரும்பி வருவோம்". எங்கிருந்து?

இதற்குப் பதிலாக, வேலரண்ட் அணி ஒன்றை வைத்து நானே எழுதிப் பார்த்த ஒரு மாதிரி (பி சைட் என்பது மேப்பில் காக்க வேண்டிய ஓர் இடம், டிஎம் என்பது தனிச் செய்தி):

"இன்று 0-2. இரண்டாவது மேப்பில் பாதி நேரத்தில் 9-3 என்று முன்னால் இருந்தோம். பக்கம் மாறியதும் அவர்கள் பி சைட்டுக்கு வேகமாக வந்தார்கள், தொடர்ந்து நான்கு ரவுண்டு விட்டோம். இரண்டாவது ரவுண்டு போனதுமே நான் டைம்அவுட் எடுத்திருக்க வேண்டும், நான்காவது வரை காத்திருந்தேன். அடுத்த ஆட்டம் வெள்ளிக்கிழமை. திட்ட வேண்டும் என்றால் இந்தப் பதிவின் கீழே திட்டுங்கள், காலையில் உட்கார்ந்து படிக்கிறேன். பசங்களின் டிஎம்முக்கு மட்டும் போகாதீர்கள்."

ஸ்கோரை முதல் வரியிலேயே சொல்லியாகிவிட்டது, மறைக்க எதுவுமில்லை. ஒப்புக்கொண்ட தவறு ஒன்றே ஒன்று, அதுவும் ஒளிபரப்பு பார்த்த எல்லோரும் கண்ணால் பார்த்தது. பார்த்தவருக்கு "நான் நினைத்தது சரிதான்" என்ற திருப்தி கிடைக்கும், அதற்குப் பிறகு அவர் கொஞ்சம் நிதானமாகத்தான் பேசுவார். எந்த ஆட்டக்காரர் பெயரும் இல்லை. கோபத்துக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அடுத்த ஆட்டத்தின் நாள் இருக்கிறது. "பி சைட்டுக்கு வேகமாக வந்தால் நாங்கள் இதைச் செய்வோம்" என்ற தீர்வு மட்டும் இல்லை. அதை வெள்ளிக்கிழமை எதிரணி படித்துவிடும் அல்லவா?

போடும் முன் அணியின் ஐஜிஎல்லிடம், அதாவது ஆட்டத்துக்குள் கட்டளை கொடுக்கும் ஆட்டக்காரரிடம், ஒரு முறை காட்டுங்கள். "அண்ணா, இந்த வரி வேணாம்" என்று அவர் சொன்னால் அந்த வரி வேண்டாம். விவாதமே வேண்டாம். போட்ட பிறகு அன்றிரவு பதில் எழுதாதீர்கள். காலையில் படிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறீர்கள், காலையில் படியுங்கள்.

படி 5: காலையில் படிப்பது

நானூறு கமெண்டில் முந்நூறு வெறும் வசை. மிச்சத்தில் பாதி மீம். ஆனால் ரசிகர்களில் சிலர் உங்கள் அனலிஸ்டை விடப் பொறுமையாக ஆட்டத்தைப் பார்க்கிறவர்கள். "நீங்க எப்பவுமே மூணு ரவுண்டு தொடர்ந்து தோத்தாதான் டைம்அவுட் எடுக்கறீங்க" என்று ஒருவர் எழுதியிருந்தால் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். வீட்டில் இருந்து பார்க்கும் அவருக்கே உங்கள் பழக்கம் தெரிந்துவிட்டது என்றால், சம்பளம் வாங்கிக்கொண்டு உங்களைப் படிக்கும் எதிரணிக்குத் தெரியாமலா இருக்கும்? அப்படிப்பட்டவருக்கு ஒரு வரி பதில் போடுங்கள்: "கவனித்ததற்கு நன்றி ப்ரோ, குறித்துக்கொண்டேன்." விளக்கம் வேண்டாம். பெயரை நினைவில் வையுங்கள், அடுத்த மாதமும் அவர் எழுதுவார்.

கமெண்ட் படிக்கும் வேலையை மனம் தாங்கவில்லை என்றால் வெட்கப்படாமல் மேனேஜரிடம் விட்டுவிடுங்கள். பயனுள்ள பத்து கமெண்டை மட்டும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சொந்தப் பெயரை எக்ஸில் தேடிப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் ஆரம்பிக்கவே வேண்டாம்.

படி 6: "நாளைக்கு யார் ஆடுறாங்க ப்ரோ?"

அப்பாவித்தனமாகத் தோன்றும் கேள்வி. கேட்பவர் பத்தாம் வகுப்புப் பையனாகவும் இருக்கலாம், பெட்டிங்கில் பணம் போடுபவராகவும் இருக்கலாம். அறிவிக்கப்படாத ரோஸ்டர், ஒருவருக்குக் காய்ச்சல் என்ற செய்தி, ஸ்க்ரிம் முடிவு, எந்த மேப்பைத் தடை செய்யப் போகிறோம் என்பது, இவை எல்லாம் உள்தகவல். இ-ஸ்போர்ட்ஸ் நேர்மை ஆணையமான ஈசிக்கின் ஊழல் தடுப்பு விதிகள் இதைத் தனியாகவே குறிப்பிடுகின்றன. நீங்கள் காசு வாங்கினீர்களா என்பது பிறகுதான், சொன்னதே குற்றமாகலாம். இந்தியாவில் 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடை செய்து, இ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து அங்கீகரித்திருக்கிறது. அந்தக் கோட்டின் சரியான பக்கத்தில் நிற்பது உங்கள் தொழிலுக்கே நல்லது.

பதில் எளிது: "லைன்-அப் ஆட்டத்துக்கு முன்னாடி அணியின் பக்கத்தில் வரும்." எல்லோருக்கும் ஒரே பதில், நண்பனுக்கும். லைவ் போகும்போது திரைக்குப் பின்னால் உள்ள ஒயிட்போர்டையும் துடைத்துவிடுங்கள். பலரும் மறக்கும் விஷயம் அதுதான்.

ஸ்க்ரிம் பற்றி இன்னொரு வார்த்தை. "ஸ்க்ரிம்ல எல்லாரையும் அடிச்சோம்" என்று தோல்விக்குப் பிறகு சொல்வது கோச்களுக்கு ஒரு வியாதி. அதை யாராலும் சரிபார்க்க முடியாது, ஆறுதலாகவும் இருக்காது. கூடவே, உங்களோடு ஸ்க்ரிம் ஆடிய அணியின் நம்பிக்கையும் போய்விடும்.

படி 7: லைவில் கேள்வி-பதில்

மாதம் ஒரு முறை போதும். தோற்ற வாரத்தில் வேண்டாம், வென்ற மறுநாளும் வேண்டாம். ஆட்டமில்லாத வாரத்தில் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கேள்விகளை முதல் நாளே டிஸ்கார்டில் வாங்கி, கசப்பான ஒன்றையாவது முதலில் எடுங்கள். எல்லாம் இனிப்பான கேள்வியாக இருந்தால் "இது செட்டப்" என்று சாட் பேசிக்கொள்ளும்.

ரசிகர்களுக்கு மிகவும் பிடித்தது பழைய ஆட்டத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டுவது. வென்ற ரவுண்டைக் காட்டுங்கள், அதிலும் ஆறு மாதம் பழையதாக எடுங்கள். அந்த உத்தி எப்படியும் எல்லோருக்கும் தெரிந்துபோயிருக்கும். "இந்த இடத்தில் நம்ம பையன் திரும்பிப் பார்த்தான் பாருங்கள், அதுதான் ஆட்டத்தைத் திருப்பியது" என்று நீங்கள் காட்டினால், அடுத்த ஒளிபரப்பில் ரசிகர் அதை அவராகவே தேடுவார். டிராஃப்டும் டைம்அவுட்டும் தவிர அவர் கண்ணுக்குத் தெரியும் விஷயம் இன்னொன்று கூடிவிட்டது. கோச் ரசிகருக்குக் கொடுக்கக்கூடியதில் இதை விடப் பெரியது எனக்குத் தெரியவில்லை.

சூப்பர் சாட்டில் காசு போட்டுக் கேட்ட கேள்வி என்பதற்காக ரோஸ்டர் ரகசியம் சொல்லிவிடாதீர்கள். சிரிக்காதீர்கள், நடக்கிறது.

படி 8: எல்லை மீறும்போது

கொரியாவில் ரசிகர்கள் காசு சேர்த்து, எல்இடி திரை பொருத்திய லாரியை வாடகைக்கு எடுத்து, கண்டன வாசகங்களை ஓடவிட்டு அணியின் அலுவலகத்துக்கு முன் நிறுத்துவார்கள். டி1 அலுவலகத்தின் முன் அப்படி நின்ற லாரிகள் பல முறை செய்தியாயின. என் பார்வையில் அது எல்லைக்குள் இருக்கும் எதிர்ப்புதான். செலவு செய்து, தெருவில் நின்று, கேள்வி கேட்கிறார்கள். அதற்கு நிர்வாகம் பதில் சொல்லட்டும்.

குடும்பத்தைப் பற்றி எழுதுவது, வீட்டு முகவரியைப் போடுவது, கொலை மிரட்டல், இவை வேறு கணக்கு. பதில் எழுத வேண்டாம். திரைப்பதிவு எடுங்கள், கணக்கின் முகவரியும் தேதியும் தெரியும்படி. பிறகு புகார் அளித்துத் தடை செய்யுங்கள். இந்த வரிசை முக்கியம்: முதலிலேயே தடை செய்துவிட்டால் ஆதாரம் தேடுவது கஷ்டம். மேனேஜருக்கு அன்றே தெரிவியுங்கள். இந்தியாவில் இருந்தால் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவு செய்யலாம். மிரட்டியவரின் பதிவைப் பொதுவில் பகிர்ந்து "பாருங்கள் இவனை" என்று கூட்டம் சேர்க்காதீர்கள். உங்கள் ரசிகர்கள் அவரை வேட்டையாடுவார்கள், அப்போது நீங்கள் குற்றம் சாட்டப்படுபவராகிவிடுவீர்கள்.

பெண் கோச் என்றால் ஏச்சு இரட்டிப்பாக வரும், மறைத்துப் பயனில்லை. 2023இல் ஈவில் ஜீனியசஸ் வேலரண்ட் அணியின் கோச்சாக இருந்தவர், பாட்டர் என்ற பெயரில் முன்பு கவுண்டர்-ஸ்ட்ரைக் ஆடிய கிறிஸ்டீன் சீ. அந்தச் சீசனை அணி பத்துப் பேர் கொண்ட ரோஸ்டரோடு தொடங்கியபோது கேலி செய்யாதவர் குறைவு. அதே ஆண்டு டோக்கியோவில் நடந்த சர்வதேசப் போட்டியில் இறுதி ஆட்டம் வரை வந்தார்கள், ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் பேப்பர் ரெக்ஸை வென்று உலகச் சாம்பியன் ஆனார்கள். கோப்பை வந்த பிறகு கேலி செய்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்காதீர்கள், அவர்கள் வேறு அணியின் கமெண்டில் இருப்பார்கள்.

இன்னொரு எல்லை உங்கள் பக்கம் இருக்கிறது. உங்கள் ரசிகர்களில் பெரும் பகுதி பள்ளிப் பிள்ளைகள். "அண்ணா, என் ஆட்டத்தைப் பாருங்க", "டீம்ல சேர்த்துக்குவீங்களா" என்று தனிச் செய்தி வரும். தனியாகப் பேசாதீர்கள். பொது அறைக்கு வரச் சொல்லுங்கள், அல்லது அணியின் தேர்வுப் படிவத்தின் இணைப்பை அனுப்புங்கள். நல்லெண்ணம் இருக்கிறது என்பது இங்கே போதாது.

படி 9: நீங்களே விதியை மீறியிருந்தால்

2020இல் கவுண்டர்-ஸ்ட்ரைக் உலகம் ஆடிப்போனது. கோச்சின் பார்வைக் கேமரா மேப்பின் ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டு, எதிரணியின் நடமாட்டத்தைக் காட்டும் கோளாறு ஒன்று இருந்தது. ஆகஸ்டில் மூன்று கோச்கள் பிடிபட்டார்கள். பழைய பதிவுகளைத் தோண்டியபோது, செப்டம்பர் இறுதிக்குள் ஈசிக் 37 கோச்களுக்குத் தடை விதித்தது. சிலர் அதைப் பல ரவுண்டு பயன்படுத்தியவர்கள், சிலருக்குத் தற்செயலாக ஒரு தடவை நேர்ந்தது. தானாக முன்வந்து ஒப்புக்கொண்டவர்களுக்குத் தண்டனையில் சலுகை கிடைத்தது. "எனக்கு ஞாபகமில்லை" என்று விளக்கம் எழுதினால் ரசிகர்கள் அதை வருடக்கணக்கில் எடுத்துப் போடுவார்கள்.

ஆகவே வரிசை இது: முதலில் போட்டி நடத்துபவருக்கு, அடுத்து அணிக்கு, அதன் பிறகே ரசிகருக்கு. ரசிகருக்குச் சொல்லும்போது எந்த ஆட்டம், எந்த மேப், எத்தனை ரவுண்டு என்று நீங்களே சொல்லிவிடுங்கள். எப்படியும் ரீப்ளே இருக்கிறது, எண்ணிப் பார்க்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

படி 10: வென்றால், விலகினால்

வென்ற இரவில் நீங்கள் குறைவாகப் பேசுங்கள், ஆட்டக்காரர்கள் பேசட்டும். முன்பு திட்டியவரின் கமெண்டைத் தேடி எடுத்துப் பதில் போடும் ஆசை வரும். ஒரே ஒரு நாள் இனிக்கும், அடுத்த தோல்வியில் வட்டியோடு திரும்பி வரும்.

அணியை விட்டு விலகும்போது, நிர்வாகம் அறிவித்த பிறகு ஒரு பதிவு போடுங்கள். நன்றி, உங்கள் காலத்தில் நடந்த ஒரு நல்ல விஷயம், அவ்வளவுதான். காரணம் எழுதினால் சண்டை, எழுதாவிட்டால் வதந்தி, இரண்டில் வதந்தியைத் தாங்குவது சுலபம். ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால், என்ன சொல்லப் போகிறீர்கள் என்பதை நிர்வாகத்தோடு எழுத்தில் ஒப்புக்கொண்டு, இரு தரப்பும் ஒரே நேரத்தில் வெளியிடுங்கள். டிஸ்கார்டில் உங்கள் நிர்வாகி உரிமையை அன்றே எடுத்துவிடச் சொல்லுங்கள். புதிய கோச் வந்த பிறகு முதல் சில வாரம் அந்த அணியின் டிராஃப்டைப் பற்றிப் பொதுவில் வாயே திறக்காதீர்கள், யார் வந்து வாயைக் கிளறினாலும்.